நீட்சே என்னும் குடும்பப் பெயர்

மக்கட் பெயருள் ஒருவன் தனக்கெனப் பெறுவது ஒன்று. தன் குடும்பத்தாரோடு பொதுவாகப் பெறுவது மற்றொன்று. தமிழரிடையே முன்னதே பெருவழக்கு. யாழ்ப்பாணத்து ஒருவன் பெயருக்கு முன் நிற்பது அவன் தந்தையின் பெயர். அவன் மகன் பெயருக்கு முன் நிற்பது அவனது பெயர். இவ்வாறு முன் நிற்கும் பெயர் தலைமுறைதோறும் மாறிச் செல்லும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழக்கு வேறு. ஆங்கு முன்னொரு காலத்தில் ஒருவருக்கு வாய்த்த பெயர் அவர் வழிவந்தார் அனைவருக்கும் உரியதாய் உறைந்து நிற்கின்றது. வைத்தவர் இன்னார், வைத்த காரணம் இன்னது என்பது மறைந்துபோயினும் பெயர் மறைவதில்லை. ஆதலின் அத்தகைய பெயர் பழங் கல்வெட்டொன்றை ஒப்பது. அதனைப் படிக்கத் தெரிந்தார்க்கு அது உண்மை கூறும். படிக்கத் தெரியாது தம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றுவார்க்கு அது பொய்க்கும் இடந்தரும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தத்துவ ஞானி பிரீட்ரிக் நீட்சேயின் குடும்பப் பெயராகும். உலகெங்கும் கற்றோர் நாவில் வழங்கும் இப்பெயர், அது பிறந்த ஜேர்மனி நாட்டிலே காண்டற்கு அரியது. அதனை உடையவரே அதன் தோற்றத்தைப் பிழைபட உணர்ந்திருந்தார். அவர்க்குப்பின் வந்தோர் அப்பிழையைத் திருத்தப் புகுந்து, தாமும் வேறொரு பிழைக்கு ஆளாயினர். பெயரொன்றின் வரலாறு இங்ஙனம் எல்லை கடந்த கூற்றுக்களுக்கு இடமாயினமையால், அதன் தோற்றமும் பொருளும் அருமையும் முறையாக ஆராயத்தக்கன.

ஜேர்மானியக் குடும்பப் பெயர்களின் வகை

இடைக்காலத்தின் முற்பகுதியில் ஜேர்மானியர் தனிப்பெயர் ஒன்றையே உடையராயிருந்தனர். நகரங்கள் பெருகி, ஒரே பெயருடையார் பலர் ஓரிடத்து வாழத் தொடங்கியபோது, அவரை வேறு பிரித்துக் காட்டுதல் வேண்டியதாயிற்று. நிலவுரிமை, வரி, கடன் முதலியவற்றை எழுதி வைத்தற்கும் அது தேவைப்பட்டது. ஆகவே 12 ஆம் நூற்றாண்டு முதலாக, முதலில் மேற்கிலும் தெற்கிலும், பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இரண்டாம் பெயர் வழக்குப் பரவியது.

இவ்வாறு எழுந்த பெயர்களை அறிஞர் ஐவகைப்படுத்துவர். தொழிலால் வந்தன ஒருவகை. மாவரைப்போன் எனப் பொருள்படும் முல்லர், கொல்லன் எனப் பொருள்படும் ஷ்மிட், தையற்காரன் எனப் பொருள்படும் ஷ்னைடர் என்பன அவை. வந்த ஊர் அல்லது நாட்டால் அமைந்தன மற்றொரு வகை; பொகீமியாவிலிருந்து வந்தவனைக் குறிக்கும் பேம் என்பது இவ்வகையினது. குடியிருந்த இடத்தின் இயல்பால் வந்தன மூன்றாம் வகை; ஓடை எனப் பொருள்படும் பாக் என்பது அத்தகையது. உடலமைப்போ குணமோ பற்றி அயலார் இட்டு வழங்கியன நான்காம் வகை. சிறியவன் எனப் பொருள்படும் கிளைன் என்பது அதற்குச் சான்று. தந்தையின் அல்லது முன்னோன் ஒருவனின் தனிப்பெயரே குடும்பப் பெயராய் நிலைத்தது ஐந்தாம் வகை. நீட்சே என்னும் பெயர் இவ்வைந்தாம் வகையைச் சார்ந்தது. அதனுள் மறைந்து நிற்கும் தனிப்பெயர் நிக்கோலாஸ் என்பதாகும்.

நிக்கோலாஸ் என்னும் மூலம்

நிக்கோலாஸ் என்பது கிரேக்கப் பெயர். வெற்றி எனப் பொருள்படும் நீக்கே என்பதும், மக்கள் எனப் பொருள்படும் லாவோஸ் என்பதும் சேர்ந்து அமைந்தது. எனவே சொற்பொருள் நோக்கின் ‘மக்களின் வெற்றி’ எனக் கொள்ளலாம். ஆயின் ஜேர்மானியத் தந்தையர் தம் மைந்தர்க்கு அப்பெயரை இட்டது இப்பொருளைக் கருதியன்று. அவருட் பெரும்பாலார் கிரேக்கம் அறியாதவர். சிறிய ஆசியாவிலே மீரா என்னும் நகரில் 4 ஆம் நூற்றாண்டில் மேற்றிராணியாராய் இருந்தவராகப் போற்றப்படும் புனித நிக்கோலாஸை நினைந்தே அப்பெயரை இட்டனர்.

அப்புனிதரின் திருவெலும்புகள் எனக் கருதப்பட்டவை 1087 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாரி நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அதன்பின் அவர் வழிபாடு மேற்கு ஐரோப்பாவெங்கும் விரைந்து பரவியது. அவர் கடலோடிகளுக்கும் வணிகருக்கும் காவலர் எனப் போற்றப்பட்டமையால், வணிகம் செழித்த நகரங்களில் அவர் பெயரால் தேவாலயங்கள் எழுந்தன. சாக்சனி நாட்டு லைப்சிக் நகரின் நிக்கோலாஸ் தேவாலயம் 12 ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. குடும்பப் பெயர் நிலைபெறத் தொடங்கிய அதே காலத்திலே இவ்வழிபாடும் உச்சநிலை எய்தியிருந்தமையின், நிக்கோலாஸ் என்பதினின்றும் பிறந்த குடும்பப் பெயர்கள் ஜேர்மனியிற் பலவாயின. கிளவுஸ், நிக்கல், நிக்கிளாஸ், குளோசே முதலியன எல்லாம் ஒரே வேரிற் கிளைத்தவை.

நெடும் பெயர் இங்ஙனம் பலவாறு சிதைதல் தமிழர்க்குப் புதிதன்று. சுப்பிரமணியம் என்னும் பெயரின் முற்பகுதியைக் கொண்டு சுப்பன், சுப்பு என்பாரும், பிற்பகுதியைக் கொண்டு மணியம் என்பாரும் உளர். அதுபோலவே நிக்கோலாஸ் என்பதன் பிற்பகுதியிலிருந்து கிளவுஸ் என்பதும், முற்பகுதியிலிருந்து நிக் என்பதும் பிறந்தன. இந்த நிக் என்பதே நீட்சே என்னும் பெயரின் முதனிலை.

எல்லை நாட்டில் விளைந்த ஈறு

முதனிலை நிக் என்பதாயின், ‘ட்சே’ என்னும் இறுதி எவ்வாறு வந்தது என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண, அப்பெயர் வழங்கிய நிலப்பகுதியின் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது.

சாலே, எல்பே என்னும் ஆறுகளுக்குக் கிழக்கே உள்ள நிலத்தில் இடைக்காலத்தின் முற்பகுதியில் ஸ்லாவிய இனத்தார் வாழ்ந்தனர். 12 ஆம் நூற்றாண்டு முதல் ஜேர்மானியக் குடியானவரும் கைவினைஞரும் வணிகரும் மேற்கிலிருந்து அங்குப் பெருந்தொகையாகச் சென்று குடியேறினர். இரு மொழியினரும் பல தலைமுறை அயலவராய் வாழ்ந்தனர், மணவுறவு கொண்டனர், காலப்போக்கில் ஸ்லாவியர் பெரும்பாலோர் ஜேர்மன் மொழியையே தம் மொழியாகக் கொண்டனர். எனினும் பழைய மொழி தடயமின்றி அழிந்திலது. லைப்சிக் என்னும் நகர்ப் பெயரே ஸ்லாவிய மொழியில் ஒருவகை மரத்தின் பெயரடியாகப் பிறந்தது. திரெஸ்டன் என்னும் பெயரும் ஸ்லாவியமே. லவுசிட்ஸ் என்னும் பகுதியிற் சோர்பியர் என்னும் ஸ்லாவிய மக்கள் தம் மொழியோடு இன்றும் வாழ்கின்றனர்.

ஸ்லாவிய மொழிகளில் ஆட்பெயரின் முதலசையைக் கொண்டு, அதன் இறுதியில் ‘ஷ்’ என்னும் ஒலியைச் சேர்த்துச் செல்லப் பெயராக்கும் வழக்கு உண்டு. செக் மொழியிலே பெனடிக்ட் என்பது பெனேஷ் என்றும், பார்த்தலோமேயு என்பது பார்த்தோஷ் என்றும் ஆகும். இவ்வழக்கை அயலில் வாழ்ந்த ஜேர்மானியரும் கைக்கொண்டு தம் பெயர்களுக்கும் ஏற்றினர். பிரீட்ரிக் என்பது ஐயத்திற்கிடமில்லாத ஜேர்மானியப் பெயர்; அதினின்றும் பிரிட்சே என்னும் குடும்பப் பெயர் தோன்றியது. பார்த்தலோமேயு என்பது ஜேர்மானியர் நாவிற் பார்ட்ஷ் ஆயிற்று. இவ்வாறே நிக் என்பதோடு இவ்வீறு கூடி நிட்சே என்றாயிற்று. அதன் உயிர் நீண்ட வடிவமே நீட்சே.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. நிக்கோலாஸ் என்னும் பெயரைப் போலிஷ் மொழியார் மிக்கோவாய் என்பர். செக் மொழியார் மிக்குலாஷ் என்பர். சோர்பியரும் மகரத்தையே முதலாகக் கொண்டு வழங்குவர். அம்மொழிகளில் நகரம் மகரமாய்த் திரிந்தது. நீட்சே என்னும் பெயரோ நகரத்தை முதலாக உடையது. ஆகவே அதன் தலை இலத்தீன் வழியாக ஜேர்மானியர் பெற்ற நிக்கோலாஸ் என்பதையும், அதன் வால் ஸ்லாவியர் ஈற்றையும் காட்டுகின்றன என்பது பொருந்தும். கிரேக்கர் ஆக்கி, கிறித்தவ சமயம் பரப்பி, ஜேர்மானியர் சுருக்கி, ஸ்லாவியர் ஈறு தந்து முடித்த பெயர் அது. ஒரு சொல்லினுள்ளே பல இனத்தார் கைபட்டிருத்தல் வியப்பன்று. எல்லை நாடுகளின் இயல்பே அது.

எழுத்திற் கண்ட வேறுபாடு

இப்பெயரை முதன்முறை எழுதப் புகுவார் இடர்ப்படாதிரார். நடுவிலுள்ள ‘ட்ச்’ என்னும் ஒலியைக் குறிக்க ரி, இசெட், எஸ், சி, எச் என்னும் ஐந்து உரோம எழுத்துக்கள் தொடர்ந்து நிற்கின்றன. தமிழில் இரண்டு மெய்யால் முடிவதை அவர் ஐந்தால் முடித்தனர். இது சாக்சனி, துரிங்கியா முதலிய மத்திய ஜேர்மன் பகுதிகளின் பழைய எழுத்து வழக்கின் எச்சம். அப்பகுதிகளின் ஊர்ப் பெயர் பலவற்றிலும் ஆட்பெயர் பலவற்றிலும் இவ்வெழுத்துக் கூட்டத்தைக் காணலாம்.

குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் எழுத்து முறைக்கு ஒருதலையான விதி இல்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்பவற்றைத் திருச்சபைப் பதிவேட்டில் எழுதிய குருமார் தம் செவிக்குக் கேட்டவாறும் தம் ஊர் வழக்கின்படியும் எழுதினர். தந்தை பெயர் ஒருவகையாகவும் மகன் பெயர் வேறுவகையாகவும் எழுதப்படுதலும் உண்டு. இங்ஙனம் ஒரு பெயரே நான்கெழுத்தால் எழுதப்பட்ட நிட்சே, ஐந்தெழுத்தால் எழுதப்பட்ட நிட்சே, உயிர் நீண்ட நீட்சே, இன்னுமோர் ஈறு பெற்ற நிட்ஷ்கே எனப் பலவாய்ப் பிரிந்தது. பிரஷ்யாவில் 1874 ஆம் ஆண்டிலும், ஜேர்மன் பேரரசு முழுவதிலும் 1876 ஆம் ஆண்டிலும் அரசாங்கப் பதிவகங்கள் ஏற்பட்டபின் பெயரெழுத்தை விரும்பியவாறு மாற்றுதல் இயலாதாயிற்று. அன்று எவ்வடிவு ஏட்டில் நின்றதோ அவ்வடிவே சந்ததிக்கு உரியதாயிற்று.

போலந்துப் பிரபுவின் கதை

பிரீட்ரிக் நீட்சே 1844 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள், லூட்சன் நகரை அடுத்த ரெக்கன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் தந்தை அவ்வூரில் லூதரன் சபைக் குருவாய் இருந்தவர். பாட்டனாரும் சமய நூற் புலமையும் சபைத் தலைமையும் உடையவர். அக்குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. முன்னோர் போலந்து நாட்டுப் பிரபுக்கள் எனவும், நீட்ஸ்கி என்பது அவர் பெயர் எனவும், புரொட்டஸ்தாந்து சமயத்தைக் கைவிட மனமின்றி அவர் தாய்நாடு துறந்து சாக்சனிக்கு வந்தனர் எனவும் அக்கதை கூறும்.

நீட்சே இதனைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். 1888 ஆம் ஆண்டிலே டென்மார்க் நாட்டுத் திறனாய்வாளர் யோர்ஜ் பிராண்டஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் எனவும், வெளிநாடுகளில் தம்மைப் போலந்தினர் என்றே பலரும் கருதுவர் எனவும் குறித்தார். அவ்வாண்டிலே எழுதி, அவர் இறந்தபின் 1908 இல் வெளிவந்த ‘எக்கே ஹோமோ’ என்னும் நூலிலும் இக்கருத்தை வற்புறுத்தினார். ஜேர்மன் பேரரசின் செருக்கையும், தம் காலத்து ஜேர்மானியரின் குறுகிய நாட்டுணர்ச்சியையும் அவர் கடுமையாக வெறுத்தவர். 1869 ஆம் ஆண்டிற் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பேராசிரியராய்ச் சென்றபோதே பிரஷ்யக் குடியுரிமையைத் துறந்தவர். தாம் வெறுத்த கூட்டத்தினின்றும் பிறப்பாலேயே வேறுபட்டவர் என்று கொள்ளுதற்கு அக்கதை அவர்க்குப் பயன்பட்டது எனலாம்.

ஆயின் சான்று அதற்குத் துணை நில்லாது. முதலாவது, மொழிச் சான்று. போலந்துப் பிரபுக்கள் பெயரில் நிற்கும் ‘ஸ்கி’ என்னும் ஈறு பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு கூடி, அவ்வூர்க்கு உரியவர் என்னும் பொருளைத் தருவது. அது ‘ட்சே’ எனத் திரிந்தது என்று கொள்வதினும், நிக்கோலாஸ் என்பதினின்றும் நிட்சே பிறந்தது என்று கொள்வதே எளிது. பிரிட்சே முதலிய ஒப்புமைகளும் அதற்கு உண்டு. இரண்டாவது, இடச் சான்று. நிட்சே என்பதன் வேறுபட்ட வடிவங்கள் சாக்சனி, லவுசிட்ஸ், பழைய சிலேசியா என்னும் பகுதிகளிற் பரந்து கிடக்கின்றன. ஒரு பிரபுவின் வழியினர்க்கு மட்டும் உரிய பெயராயின் இங்ஙனம் பொதுமக்களிடையே பரந்து காணப்படாது. மூன்றாவது, ஏட்டுச் சான்று. வைமார் நகரில் இருந்த நீட்சே ஆவணச்சாலையின் காப்பாளரும், நீட்சேயின் தாய்வழி உறவினருமான மாக்ஸ் ஏலர் என்பவர் பதிவேடுகளை ஆராய்ந்து, முன்னோர் அனைவரும், அவர் மணந்த பெண்டிரின் குடும்பத்தார் உட்பட, ஜேர்மானியப் பெயருடையரே எனக் காட்டினார். பிரபு ஒருவரும் ஆங்குத் தோன்றவில்லை.

ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொள்வார் இன்னும் எளிதில் ஏமாறுவர். போலிஷ் மொழியில் ‘நிட்ஸ்’ என்றாற் சூனியம் என்று பொருள். பழைய விழுமியங்கள் சூனியமாய் முடிதலை ஆராய்ந்த ஞானியின் பெயரிலே சூனியம் என்னும் சொல் ஒலித்தல் கண்டு, இரண்டையும் முடிச்சிடுவார்க்கு அது வாய்ப்பாகத் தோன்றும். ஆயினும் அது வெறும் தற்செயலே. பெயராராய்ச்சியில் ஒலியொப்புமை வினாவை எழுப்பலாமேயன்றி விடையாகாது.

பெயரின் அருமை

ஜேர்மனியில் எப்பெயர் எத்துணைப் பேர்க்கு உரியது என்பதை அறிதற்கு அறிஞர் தொலைபேசிப் பதிவுகளைப் பயன்படுத்தினர். கொன்றாட் குன்ஸே, டாமாறிஸ் நூப்லிங் என்னும் பேராசிரியர் இருவர் தலைமையில் உருவான ‘ஜேர்மன் குடும்பப் பெயர் நிலப்படத் தொகுதி’ 2009 முதல் 2018 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. அதற்கு அடிப்படையாயது 2005 ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புப் பதிவு. ஏறக்குறைய 2 கோடி 80 இலட்சம் வீட்டிணைப்புக்கள் அதில் அடங்கின. அவற்றில் ஏறக்குறைய 8,50,000 வெவ்வேறு குடும்பப் பெயர்கள் காணப்பட்டன. ஓரிணைப்பு ஒரு குடும்பத்தைக் குறிப்பதாதலின், அதனைச் சராசரிக் குடும்பத் தொகையாற் பெருக்கி ஆட்தொகையை மதிப்பிடுவர். கைத்தொலைபேசி வந்து வீட்டிணைப்புக்கள் குறைந்த பின்னர் இம்முறை பழைய பயனைத் தாராது.

இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. சில பெயர்கள் மிகப் பலர்க்கு உரியன; மிகப் பல பெயர்கள் மிகச் சிலர்க்கே உரியன. முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், பிஷர் என்பன முன்னணியில் நிற்பவை. முல்லர் என்னும் ஒரு பெயரே ஏறக்குறைய நூற்றுவருள் ஒருவர்க்கு உரியது. ஊர்தோறும் மாவரைப்போனும் கொல்லனும் இருந்தமையால் அப்பெயர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பல்லிடத்துத் தோன்றின. நீட்சே என்னும் வடிவமோ அவ்வாறு பெருகவில்லை. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, எழுத்துப் பிரிவு. நிக்கோலாஸ் வழிவந்த பெயர்கள் அனைத்தையும் ஒருங்கு கூட்டின் அத்தொகை பெரிதே. உயிர் குறுகிய நிட்சே என்பது இன்றும் அரிதன்று. அப்பெருந்தொகை பல வடிவமாய்ப் பிரிந்தபோது, உயிர் நீண்டு ஐந்து மெய்யெழுத்தும் பெற்ற வடிவத்திற்கு வாய்த்த பங்கு சிறிதாயிற்று. எனவே பெயர் அரிதன்று. அவ்வெழுத்து வடிவமே அரிது.

இரண்டாவது, வழி அறுதல். குடும்பப் பெயர் தந்தை வழியாகவே சென்றமையின், ஆண்மக்கள் இல்லாத குடும்பத்தோடு அது முடிந்துவிடும். ஜேர்மனியில் 1976 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பின்னரே மணமக்கள் மனைவியின் பெயரையும் குடும்பப் பெயராகத் தெரிந்துகொள்ளுதல் இயல்வதாயிற்று. 1874 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கோல்ற்றன், ஹென்றி வில்லியம் வாற்சன் என்னும் இருவர் குடும்பப் பெயர்கள் அற்றுப்போதலைக் கணித முறையால் ஆராய்ந்தனர். சிறு தொகையினர்க்கே உரிய பெயர், எவர் குற்றமுமின்றி, பிறப்பிறப்பின் தற்செயலாலேயே சில தலைமுறையுள் மறைந்துவிடக் கூடும் என்பது அவ்வாராய்ச்சியாற் பெறப்படும்.

ஞானியின் குடும்பமே இதற்குச் சான்று. தந்தை 1849 ஆம் ஆண்டில் இறந்தார். தம்பி யோசெப் அடுத்த ஆண்டில், இரண்டு வயது நிரம்பு முன்னரே மடிந்தான். ஞானி மணம் செய்திலர். 1889 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவு கலங்கி, 1900 ஆம் ஆண்டில் மறைந்தார். எஞ்சிய தங்கை எலிசபெத், பேர்ண்காட் பெர்ஸ்டர் என்பவரை 1885 ஆம் ஆண்டில் மணந்து அவர் பெயரைப் பெற்றார். கணவர் இறந்தபின் தமையனாரின் புகழ் பெருகவே, தம் பெயரைப் பெர்ஸ்டர் நீட்சே என இணைத்துக்கொண்டார். அவர்க்கும் மக்கள் இல்லை. ஒரு பெயர் உலகெங்கும் பரவிய அதே காலத்தில், அதனைப் பரப்பிய இல்லத்திலே அது அற்றுப்போயிற்று.

பெயரும் குருதியும்

போலந்துக் கதை பொய்யாயின், அதனை மறுத்தோர் கூற்று முற்றும் மெய்யாகுமோ என்பதும் ஆராயத்தக்கது. முன்னோர் அனைவரும் ஜேர்மானியப் பெயருடையர் என்பது பதிவேட்டால் நிறுவப்படுவது. அதனின்றும், அவர் அனைவரும் ஜேர்மானியக் குருதியினர் என்று முடிவுசெய்தல் வேறு. ஸ்லாவியர் பல்லாயிரவர் ஜேர்மன் மொழியையும் பெயரையும் ஏற்றுக்கொண்ட நிலத்தில், பெயரைக் கொண்டு பிறப்பைத் துணிதல் எவ்வாறு இயலும்? நீட்சே என்னும் பெயரின் ஈறே அக்கலப்புக்குச் சான்று பகர்கின்றது.

மேலும் ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முந்திய தலைமுறையில் எண்மர். இவ்வாறு பின்னோக்கிச் செல்லின் எட்டாம் தலைமுறையில் முன்னோர் இடங்கள் 256 ஆகும். குடும்பப் பெயரோ அவ் 256 இல் ஒருவரிடமிருந்தே வந்தது. எஞ்சிய 255 இடத்தாரைப் பற்றி அப்பெயர் வாய்திறப்பதில்லை. ஆகவே நீட்ஸ்கி என்னும் பிரபு உண்மையில் இருந்திருப்பினும், அவரால் ஞானியின் பிறப்பு முழுவதும் போலந்தினதாய்விடாது. நிக்கோலாஸ் என்னும் ஜேர்மானியக் குடியானவன் இருந்தமையாலும் அது முழுவதும் ஜேர்மானியமாய்விடாது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. 1933 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் நாள் நாற்சி அரசு இயற்றிய சட்டத்தின் பின், அரசாங்க ஊழியர் தம் பாட்டன் பாட்டியர் யாவர் என்பதைச் சான்றோடு காட்டவேண்டியவராயினர். திருச்சபைப் பதிவேடுகள் மக்களைத் தள்ளுதற்குரிய கருவிகளாயின. குடும்பப் பெயரைக் கொண்டு இனத்தைத் துணிதல் அவ்வரசுக்கும் இயலவில்லை. யூதர்க்குப் பிரஷ்யாவில் 1812 ஆம் ஆண்டின் ஆணையால் நிலையான குடும்பப் பெயர்கள் ஏற்பட்டன. அவற்றுட் பல அயலாராகிய கிறித்தவரும் தாங்கிய பெயர்களே. ரோசன்பேர்க் என்னும் பெயர் யூதர் பலர்க்கு உரியது. அவ்வரசின் இனக்கோட்பாட்டை வகுத்தோருள் முதல்வரான அல்பிரட் என்பவர்க்கும் அதுவே குடும்பப் பெயர். 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், யூத ஆடவர் இஸ்ராயேல் எனவும் பெண்டிர் சாரா எனவும் மேலும் ஒரு பெயர் தாங்குதல் வேண்டும் என அவ்வரசு ஆணையிட்டது. வழக்கிலிருந்த யூதத் தனிப்பெயர் உடையார்க்கே அதினின்றும் விலக்கு இருந்தது. இயல்பாயமைந்த பெயர் மக்களைப் பிரித்துக் காட்டாமையாலன்றோ, பிரித்துக் காட்டும் பெயரைச் சட்டத்தால் ஏற்ற நேர்ந்தது! அதன் முடிவு யாது என்பதை உலகம் அறியும்.

முடிவுரை

நீட்சே என்னும் பெயரின் தோற்றம் நிக்கோலாஸ் என்னும் தனிப்பெயர். அதன் ஈறு ஸ்லாவியர் மரபினது. அதன் எழுத்து சாக்சனி நாட்டு எழுத்தாளர் கைவண்ணம். அதன் அருமை எழுத்துப் பிரிவாலும் வழி அறுதலாலும் நேர்ந்தது. கிறித்தவ சமயத்தை வன்மையாக எதிர்த்த ஒருவர் மேற்றிராணியார் ஒருவரின் பெயரைத் தம் பெயரினுள்ளே தாங்கியிருந்தார் என்பதும், பிரபுக் குலத்தை நாடிய ஒருவர்க்கு வாய்த்தது பொதுமக்கள் பெயரே என்பதும் சுவை பயப்பன. அவற்றை அவர் மேற் குறையாகக் கொள்ளல் தகாது. பெயர் அவர் தேடியதன்று; வந்து சேர்ந்தது. அவர் தேடியவை அவர் நூல்களிலே உள்ளன.

குடும்பப் பெயர் ஒருவர் முன்னோருள் ஒருவர் எம்மொழி வழங்கிய சூழலில், எப்பகுதியில், எத்தகைய வழக்கின்கீழ்ப் பெயர் பெற்றார் என்பதைக் கூறவல்லது. அவ்வளவே அதன் எல்லை. அவ்வெல்லைக்குள் அது அரிய வரலாற்றுச் சான்று. அதனைக் கடந்து குலப்பெருமையையோ குருதித் தூய்மையையோ அதனிடம் வினவுவார், தம் விருப்பத்தின் எதிரொலியையே விடையாகப் பெறுவர். ஞானியும் அவ்வாறே பெற்றார். அவர் கூற்றை மறுத்தோரும் அவ்வாறே பெற்றனர். பெயரோ தன் பழங்கதையை, கேட்பார்க்கு மட்டும், இருந்தவாறே கூறிக்கொண்டிருக்கின்றது.